‘கேமராவை வைத்துத்தான்’: புதுப்படப் பேட்டிகளில் ஏன் அதிகம் தேறுவதில்லை?

1926-ல் ஜான் ஃபோர்ட் எடுத்த ஒரு மௌனப் படத்தில் பிரமாண்டமான காட்சி ஒன்று உண்டு. புதிய நிலத்தை முதலில் போய்ப் பிடிப்பதற்காக, வண்டிகளும் குதிரைகளும் சமவெளியில் ஒரே சமயத்தில் பாயும். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, பீட்டர் பொக்டனோவிச் என்ற இளம் இயக்குநர் ஃபோர்டைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போனார். கிழவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டார்: அந்தக் காட்சியை எப்படி எடுத்தீர்கள்? ஃபோர்டின் பதில்: “கேமராவை வைத்து.”

அவ்வளவுதான். மேற்கொண்டு ஒரு சொல் இல்லை.

1971-ல் வெளியான அந்த ஆவணப்படத்தில் இந்த இடம் வரும்போது எல்லோருக்கும் சிரிப்பு வரும். ஃபோர்டுக்குப் பேட்டி என்றாலே எட்டிக்காய். ஆனால் ஒரு புதுப்படம் வெளியாகும் வாரத்தில் அதன் நாயகனும் நாயகியும் இயக்குநரும் கொடுக்கும் இருபது பேட்டிகளை வரிசையாகப் பார்த்துவிட்டு மறுபடி ஃபோர்டிடம் வாருங்கள். இனிக்க இனிக்கப் பேசிய அவர்கள் ஃபோர்டைவிட அதிகமாக என்ன சொல்லிவிட்டார்கள்? “கதை கேட்டதுமே ஒப்புக்கொண்டேன்”, “செட்டில் எல்லோரும் ஒரே குடும்பம் மாதிரி”, “இந்தப் பாத்திரம் எனக்குச் சவாலாக இருந்தது”. படம் மாறும், ஆள் மாறுவார், வாக்கியம் மாறாது.

இதற்கு நடிகர்களின் அறிவைக் குறை சொல்வது சுலபம். நான் அப்படிப் பார்க்கவில்லை. பேட்டி தயாராகும் முறையைத் தெரிந்துகொண்டால், அதில் இவ்வளவாவது தேறுகிறதே என்றுதான் வியப்பு வரும்.

பெரிய ஸ்டூடியோ படங்களுக்கு ‘ஜங்கெட்’ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. நட்சத்திர ஹோட்டலில் ஒரு தளத்தையே எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு அறையிலும் படத்தின் போஸ்டர், அதன் முன்னால் ஒரு நாற்காலி, எதிரே இன்னொன்று. நடிகர் காலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மாலைதான் எழுந்திருப்பார். எதிர் நாற்காலியில் மட்டும் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். தொலைக்காட்சிக்காரருக்குக் கிடைப்பது நான்கைந்து நிமிடம். பல இடங்களில் கேமராக்கள்கூட ஸ்டூடியோவுடையவைதான். பேட்டி முடிந்ததும் பதிவைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். கேமராவுக்குப் பின்னால் ஒருவர் கடிகாரத்தோடு நின்று, இன்னும் ஒரு நிமிடம், கடைசிக் கேள்வி என்று விரலால் சைகை காட்டுவார். பத்திரிகைக்காரர்களாக இருந்தால் ஆறேழு பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து நடிகரை நடுவில் விடுவார்கள். அங்கே ஒருவர் நல்ல கேள்வி ஒன்றைத் தொடங்கி, பதிலில் ஒரு நூல் தட்டுப்படும்போது, பக்கத்தில் இருப்பவர் “உங்களுக்குப் பிடித்த நிறம் எது?” என்று குறுக்கே பாய்வார். நூல் அறுந்துவிடும்.

ஒரே நாளில் ஐம்பது பேர் ஒரே கேள்வியைக் கேட்டால் மனிதர் என்ன செய்வார்? முதல் மூன்று பேருக்கு யோசித்துப் பதில் சொல்வார். நான்காவது முறை, எந்தப் பதிலுக்கு எதிரில் இருப்பவர் சிரித்தாரோ அதையே எடுத்து வைப்பார். மதியத்துக்குள் அது வசனமாகிவிடும். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே புருவத்தை உயர்த்த வேண்டும் என்பதுவரை. மேடை நாடகத்தில் தினமும் அதே காட்சியை நடிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. நாம் பேட்டி என்று நினைத்துப் பார்ப்பது பெரும்பாலும் முப்பதாவது டேக்.

இதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று இருக்கிறது, அதை யாரும் கண்டுகொள்வதில்லை: காலம். ஷூட்டிங் முடிந்து எடிட்டிங், டப்பிங், கிராஃபிக்ஸ் எல்லாம் கடந்து படம் திரைக்கு வர ஓராண்டு, சில சமயம் அதற்கும் மேல் ஆகிறது. அதற்குள் நடிகர் வேறு இரண்டு படங்களில் நடித்திருப்பார். அவர் தலையில் வேறொரு பாத்திரத்தின் நடையும் பேச்சும் ஓடிக்கொண்டிருக்கும்போது, மறந்துபோன ஒன்றைப் பற்றி உருக்கமாகப் பேசச் சொல்கிறோம். இயக்குநர் நிலைமை நேர் எதிர். அவர் அந்தப் படத்தோடு ஆண்டுக்கணக்காகக் கிடந்து, நேற்றுவரை கலர் கரெக்‌ஷனில் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறார். காட்டுக்குள்ளேயே நிற்கிறவரிடம் காட்டின் வரைபடம் கேட்கிறோம்.

போதாக்குறைக்கு, படப்பிடிப்பில் பாதி முடிவுகளை எடுப்பது மழையும் பணமும் நடிகர்களின் கால்ஷீட்டும்தான். படம் வெளியான பிறகு அவையெல்லாம் ‘பார்வை’ என்ற பெயரில் திரும்பி வருகின்றன. 1975-ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த சுறாப் படத்தில் சுறா வெகுநேரம் கண்ணிலேயே படாது. கடல் உப்புநீரில் இயந்திரச் சுறா ஓயாமல் மக்கர் செய்ததும் அதற்குக் காரணம் என்று இன்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். படம் வென்றவருக்கு அப்படிச் சிரிப்பது எளிது. முதல் வாரத்து வசூல் தெரியாமல் நகம் கடித்துக்கொண்டிருக்கும் இயக்குநர் “பொம்மை வேலை செய்யவில்லை, அதனால் மறைத்தோம்” என்று சொல்வாரா?

பேட்டி கொடுப்பது நட்சத்திரத்தின் பெருந்தன்மை என்று ரசிகர்கள் நினைப்பதுண்டு. அது வேலை. பெரிய படங்களின் ஒப்பந்தத்தில் விளம்பரப் பணிகளும் எழுதப்பட்டிருக்கும். 2023-ல் அமெரிக்க நடிகர்கள் சங்கம் ஜூலை 14 முதல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது உலகத்துக்கே இது வெளிச்சமானது. நடிப்பை மட்டும் நிறுத்தச் சொல்லவில்லை சங்கம். பேட்டி கூடாது, பிரீமியர் கூடாது, சமூக ஊடகத்தில் படத்தைப் பற்றி ஒரு வரிகூடக் கூடாது. முந்தைய நாள் லண்டனில் கிறிஸ்டோபர் நோலனின் அணுகுண்டுப் படத்துக்குப் பிரீமியர். சிவப்புக் கம்பளத்தில் வந்து நின்ற நடிகர்கள், வேலைநிறுத்தம் உறுதியாகிக்கொண்டிருந்ததால் படம் தொடங்கும் முன்பே கிளம்பிவிட்டார்கள். அவர்கள் போராட்டப் பலகை எழுதப் போயிருக்கிறார்கள் என்று நோலன் அரங்கத்தில் அறிவித்தார். அடுத்த நான்கு மாதங்களுக்குப் பேசும் பாரமெல்லாம் இயக்குநர்கள் தலையில். சினிமாவை நேசிக்கிறவர்களுக்கு அது மோசமான காலம் இல்லை என்பது என் அபிப்பிராயம். நட்சத்திரம் பக்கத்தில் இல்லாத இயக்குநரிடம் படத்தைப் பற்றிக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

என்ன பேசக் கூடாது என்பதற்கும் ஒப்பந்தம் உண்டு. ரகசியக் காப்பு, ஸ்பாய்லர் தடை, குறிப்பிட்ட நேரத்துக்கு முன் எதையும் வெளியிடக் கூடாது என்ற ‘எம்பார்கோ’. மார்வெல் படங்களில் இது உச்சத்துக்குப் போனது. நடிகர் மார்க் ரஃபலோ இதில் சொதப்பல் மன்னர். 2017-ல் தன் படத்தின் பிரீமியருக்குள் இன்ஸ்டாகிராம் நேரலையை அணைக்க மறந்து, படத்தின் தொடக்கத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் ஒலியை உலகத்துக்கே கேட்கவைத்தார். எதிர்முனையில் பழைய ஸ்பைடர்மேன் ஆண்ட்ரூ கார்ஃபீல்ட். 2021-ல் அவர் வேறு படங்களுக்காகப் பேட்டி கொடுக்கப் போன இடமெல்லாம், அந்த ஆண்டு இறுதியில் வரவிருந்த ஸ்பைடர்மேன் படத்தில் நீங்கள் இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார். படப்பிடிப்புத் தளத்திலிருந்து கசிந்த படத்தைக் காட்டினார்கள். அப்போதும் இல்லை என்றார். டிசம்பரில் படம் வந்தது, அவர் இருந்தார்.

மாதக்கணக்கில் கேமராவைப் பார்த்துப் பொய் சொன்னவர் மீது யாருக்கும் கோபம் வரவில்லை. தியேட்டரில் கைதட்டினார்கள். ஓர் அமைச்சரோ நிறுவனத் தலைவரோ இப்படிச் செய்தால் பதவி போகும். படப் பேட்டி எந்த வகைப் பேச்சு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. செய்தியின் உடையைப் போட்டுக்கொண்டு வரும் விளம்பரம் அது என்று கேட்பவர், சொல்பவர், பார்ப்பவர் மூவருக்கும் தெரியும்.

சொல்லாமலே புரிந்துகொண்ட அந்த உடன்பாட்டை யாராவது மீறினால் அறையின் காற்று மாறிவிடும். பிரிட்டனின் சேனல் 4 செய்தியாளர் கிருஷ்ணன் குரு-மூர்த்தியிடம் இரண்டு முறை அது நடந்தது. 2013-ல் திரை வன்முறைக்கும் நிஜ வன்முறைக்கும் தொடர்பு உண்டா என்று இயக்குநர் க்வென்டின் டாரன்டினோவிடம் கேட்க, அவர் பதில் சொல்ல மறுத்துச் சீறினார். தான் வந்தது படத்துக்கு விளம்பரம் செய்ய என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். 2015-ல் நடிகர் ராபர்ட் டவுனி ஜூனியரிடம் அவருடைய பழைய போதைப் பழக்கம், சிறைவாசம் என்று பேச்சு நகர்ந்தபோது அவர் எழுந்து போய்விட்டார். இரண்டையும் பார்க்கும்போது எனக்கு இரு தரப்பு மீதும் பரிவு வருகிறது. செய்தியாளர் செய்தி எடுக்க வந்தார், எதிரில் இருந்தவர் டிக்கெட் விற்க வந்தார், இருவரும் ஒரே அறைக்கு அனுப்பப்பட்டார்கள். டாரன்டினோவிடம் கேட்டது அவர் படத்தோடு ஒட்டிய கேள்வி, டவுனியிடம் கேட்டது ஒட்டாத கேள்வி என்ற வித்தியாசத்தை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

நடிகைகளின் நிலை வேறு. 2012-ல் அவெஞ்சர்ஸ் குழுவின் பத்திரிகையாளர் சந்திப்பில் டவுனியிடம் அவருடைய பாத்திரத்தின் மனமாற்றம் குறித்து ஆழமாக ஒரு கேள்வி. பக்கத்திலேயே இருந்த ஸ்கார்லெட் ஜொஹான்சனிடம் உடலைக் கட்டுக்கோப்பாக வைக்க என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். உனக்கு மட்டும் வாழ்வின் பொருள் பற்றிய கேள்வி, எனக்கு முயல் தீனி பற்றிய கேள்வியா என்று அவர் டவுனியிடமே திரும்பிக் கேட்டார். ‘பேட்டியில் ஒன்றும் தேறவில்லை’ என்று நாம் புலம்பும்போது பாதிப் பழி கேள்விக்குப் போக வேண்டும். எனக்குத் தெரிந்து மூன்று கேள்விகளுக்கு எந்தக் காலத்திலும் உருப்படியான பதில் வந்ததில்லை: இவரோடு பணியாற்றிய அனுபவம் எப்படி, இந்தப் பாத்திரத்துக்கு எப்படித் தயாரானீர்கள், ரசிகர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள். மூன்றுமே படத்தைப் பார்க்காமலே கேட்கக்கூடியவை.

படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வேறொரு மரபு இருக்கிறது.

1951-ல் பாரிஸில் தொடங்கிய ‘கையே து சினிமா’ இதழின் இளைஞர்கள் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு இயக்குநர்களிடம் போனார்கள். 1954-ல் ஜாக் ரிவெட்டும் ஃபிரான்சுவா த்ரூஃபோவும் இயக்குநர் ஜாக் பெக்கரிடம் எடுத்த நீண்ட பேட்டி அந்த வரிசையில் ஆரம்பகாலத்தது. குறிப்பெடுத்துப் போய்ச் சுவையாக எழுதுவது அதுவரை வழக்கம். இவர்களோ பேசுகிறவரின் தயக்கத்தையும் வாக்கியத்தையும் அப்படியே அச்சில் கொண்டுவந்தார்கள். நடிகைக்கு யாரோடு காதல் என்று எழுதிக்கொண்டிருந்த பத்திரிகை உலகத்தில், ஓர் இயக்குநரிடம் லென்ஸைப் பற்றிப் பல பக்கம் பேசுவதே பெரிய கலகம்.

எட்டு ஆண்டு கழித்து, 1962 ஆகஸ்டில், மூன்று படங்களை முடித்திருந்த முப்பது வயது த்ரூஃபோ ஹாலிவுட்டில் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் எதிரே உட்கார்ந்தார். ஹிட்ச்காக்குக்கு அந்த மாதம் 63 வயது நிறைந்தது. ஒருவருக்கு மற்றவர் மொழி சரியாக வராது. நடுவில் ஹெலன் ஸ்காட் மொழிபெயர்த்தார். ஏறக்குறைய ஒரு வாரம், ஹிட்ச்காக்கின் முதல் படத்திலிருந்து வரிசையாக. 1966-ல் அது புத்தகமானது. அதில் என் மனதில் நிற்பது ஒரு பால் தம்ளர். 1941-ல் எடுத்த படம் ஒன்றில், மனைவிக்கு விஷம் கொடுக்கப்போகிறானோ என்று நாம் சந்தேகிக்கும் கணவன் இருட்டில் பாலை ஏந்திக்கொண்டு படியேறுவான். பார்வையாளர் கண் அந்தத் தம்ளரை விட்டு நகரக் கூடாது என்பதற்காகப் பாலுக்குள்ளே ஒரு விளக்கை வைத்ததாக ஹிட்ச்காக் சொல்கிறார்.

‘எப்படி எடுத்தீர்கள்’ என்ற அதே கேள்விதான் ஃபோர்டிடமும் போனது. இங்கே மட்டும் ஏன் பலித்தது? நேரம் இருந்தது, கேட்டவருக்கும் அதே தொழில், ஒவ்வொரு படத்தையும் பார்த்திருந்தார். இவையெல்லாம் உண்மை, ஆனால் பொக்டனோவிச்சுக்கும் இவை பொருந்தும். எனக்குப் பிடிபடும் வித்தியாசம் ஹிட்ச்காக்கிடம் இருக்கிறது. வெறும் கேளிக்கைக்காரர் என்று விமர்சகர்களால் ஒதுக்கப்பட்டுவந்தவர் அவர். ஹிட்ச்காக் ஒரு கலைஞர் என்று நிரூபிக்க வந்த இளைஞனிடம் பேச அவருக்கு ஆசை இருந்தது. ஃபோர்டுக்கு அந்தப் பசி இல்லை. நல்ல பேட்டிக்குப் பேசுகிறவர் பக்கத்தில் ஒரு சுயநலம் வேண்டியிருக்கிறது, அது டிக்கெட் விற்பதைவிடப் பெரிய சுயநலமாக இருக்க வேண்டும்.

நீளமாகப் பேசிவிட்டால் மட்டும் உண்மை வந்துவிடாது என்பதற்கு ஸ்வீடன் இயக்குநர் இங்மர் பெர்க்மன் இருக்கிறார். 1968 தொடங்கி மூன்று இளைஞர்கள் அவரிடம் பல அமர்வுகளில் எடுத்த பேட்டி 1970-ல் தனி நூலாகவே வந்தது. இருபது ஆண்டு கழித்துத் தன் படங்களைப் பற்றித் தானே எழுத உட்கார்ந்த பெர்க்மன், அந்த நூலைத் திரும்பப் படித்துவிட்டு, தான் அதில் மனம் திறக்கவில்லை, அஞ்சி அஞ்சிப் பேசியிருக்கிறேன் என்று எழுதினார். அந்தப் பதில்களை மேற்கோள் காட்டிக் கட்டுரை எழுதியவர்கள் என்ன ஆனார்களோ!

பேசவே மறுக்கும் இயக்குநர்கள் தனி ரகம். டெரன்ஸ் மாலிக் 1970-களுக்குப் பிறகு வழக்கமான பேட்டிகளை விட்டே விலகினார். மறைந்த டேவிட் லிஞ்ச் பேச வந்தார், விளக்கியதில்லை. தன் முதல் படமே தன் படங்களில் மிக ஆன்மிகமானது என்றார் ஒரு பேட்டியில். கொஞ்சம் விளக்குங்கள் என்றதற்கு “மாட்டேன்” என்றார். லார்ஸ் வான் ட்ரையர் 2011 கான் திரைப்பட விழாவில் பத்திரிகையாளர் சந்திப்பில் ஹிட்லரைப் பற்றி உளறி, விழாவுக்கே வரக் கூடாதவர் என்று அறிவிக்கப்பட்டு, தெளிவாகப் பேசும் திறமை தனக்கில்லை, இனிப் பேட்டியே கிடையாது என்று அறிக்கை விட்டார்.

இப்போது வேறு திசையில் காற்றடிக்கிறது. பிரபலங்கள் பேசுவது குறையவில்லை, பத்திரிகையாளரிடம் பேசுவதுதான் குறைகிறது. 2024 வெனிஸ் திரைப்பட விழாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள், பெரிய படங்களின் குழுவினர் பேட்டிக்கே நேரம் தருவதில்லை என்று திறந்த மடல் எழுதினார்கள். அவர்களில் பலர் விழாவுக்குச் சொந்தச் செலவில் வந்து, எடுக்கும் பேட்டிகளை விற்றுத்தான் அந்தச் செலவை ஈட்ட வேண்டியவர்கள். படக்குழு பக்கத்துக் கணக்கும் புரிகிறது: கோழி இறக்கைகளைக் காரம் கூட்டிக் கூட்டித் தின்றபடி பேசும் யூடியூப் நிகழ்ச்சியில் உட்கார்ந்தால் லட்சக்கணக்கானோர் பார்க்கும்போது, எதிர்பாராத கேள்வி வரக்கூடிய மேசைக்கு ஏன் போக வேண்டும்? உண்மையில் 2015-ல் தொடங்கிய அந்தக் கார நிகழ்ச்சியைத் தள்ளிவிட முடியாது. தொகுப்பாளர் ஷான் எவன்ஸ் நன்றாகப் படித்துவிட்டு வந்து கேட்பார். எதிரில் கண்ணீர் வடிய இருப்பவருக்கு மனப்பாடப் பதில் நினைவுக்கு வராது. மாறாக, நடிகர்கள் நடிகர்களையே பேட்டி எடுக்கும் நிகழ்ச்சிகள் எனக்கு ஏமாற்றம்தான். தொழில் நுணுக்கம் பேசுவார்கள் என்று உட்கார்ந்தால், நீங்கள் அற்புதம், இல்லை நீங்கள்தான் அற்புதம் என்று பொழுது போகிறது.

தொழில் நுணுக்கம் வேண்டுமென்றால் போஸ்டரில் முகம் இல்லாதவர்களிடம் போக வேண்டும். ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் தன் மனைவி ஜேம்ஸுடன் 2020-ல் தொடங்கிய பாட்காஸ்டில் எடிட்டர்கள், ஒலிக் கலைஞர்கள், கலை இயக்குநர்கள் எல்லாம் வந்து மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அந்தச் சுவருக்கு ஏன் அந்த வண்ணம், அந்த வெட்டு ஏன் இரண்டு ஃபிரேம் முன்னால் என்று போகும் பேச்சு. ஒரு நடிகரின் நடிப்பைப் பற்றி அவரைவிட அவருடைய எடிட்டருக்கு அதிகம் தெரியும்; எந்த டேக்கில் உயிர் இருந்தது, எதைத் தூக்கி எறிந்தார்கள் என்பது எடிட்டர் மேசையில் முடிவானது.

இனி ஒரு புதுப்படப் பேட்டியைத் திறந்தால் உணர்ச்சிச் சொற்களைத் தாண்டிப் போய்விடுங்கள். பொருள்களின் பெயர் வரும் இடத்தில் நில்லுங்கள்: ஒரு செருப்பு, ஒரு கதவு, ஒரு பால் தம்ளர். அங்கே பேசுகிறவர் விற்பனையை மறந்து வேலைக்குள் போயிருப்பார். முடிந்தால் படம் ஓடி முடிந்து ஒரு மாதம் கழித்து வரும் பேட்டிகளுக்காகக் காத்திருங்கள். கார்ஃபீல்ட் அப்போதுதான் வாய் திறந்தார். அந்தப் பொய்யைத் தான் ரசித்துச் சொன்னதாகவும், பெரிய விளையாட்டு ஒன்றை ஆடுவது போல இருந்ததாகவும் 2022 ஜனவரியில் சொன்னார். பழைய ஸ்பைடர்மேன் படங்களில் அவரோடு நடித்த எம்மா ஸ்டோன், நீ இருக்கிறாயா இல்லையா என்று குறுஞ்செய்தி மேல் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார். அவரிடமும் தெரியாது என்றே சொல்லியிருக்கிறார் மனிதர். படம் பார்த்த பிறகு எம்மா ஸ்டோன் அவரைத் திட்டினாராம்.